காண்பார் யார்? பேராற்றல் வீரர் திரைப்படமும் வழிநூல் இலக்கணமும்

ஆய்வின் நோக்கம்

நாமக்கல்லினின்று துறையூர் செல்லும் வழியில் உள்ள எருமப்பட்டி, கொல்லிமலையின் அடிவாரச் சமவெளியைச் சார்ந்த ஊராகும். வயல்களும் கோழிப்பண்ணைகளும் பரந்த அந்நிலத்தில் நின்று நோக்குவார்க்கு மலைத்தொடர் நெடுமதில்போலத் தோன்றும். அம்மலை கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரிக்கு உரியதாய் இருந்தது என்பதைப் புலவரேயன்றிப் பொதுமக்களும் நன்கு அறிவர். மலைமேற் செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடித்திங்களில் அரசு விழாவும் எடுக்கப்படுகின்றது. இந்நாளில் அப்பகுதி இளைஞர் ஓரியைப் பற்றிப் பேசுங்கால், அவனை 'நம் சூப்பர் ஹீரோ' என்று கூறக் கேட்கின்றோம். ஒரே அம்பினால் ஐந்து உயிர்களை வீழ்த்தியவன் என்பது அவர் காட்டும் காரணம்.

இவ்வழக்கை எள்ளி ஒதுக்குதல் எளிது. 'பழந்தமிழர் யாவற்றையும் முன்பே அறிந்திருந்தனர்' எனப் பெருமிதங்கொண்டு ஏற்றலும் எளிது. இரண்டும் ஆராய்ச்சி ஆகா. பேராற்றல் வீரர் கதை என்பது படக்கதையாகத் தோன்றி, படக்கதைப் புதினமாக வளர்ந்து, திரைப்படமாக உலகெங்கும் பரவிய ஓர் இலக்கிய வகை. அவ்வகை ஒரு வடிவினின்று மற்றொரு வடிவிற்கு மாறுங்கால் எதனைக் காக்கின்றது, எதனை இழக்கின்றது என்பதை அறிந்த பின்னரே ஓரியை அவ்வரிசையில் வைத்தல் பொருந்துமா என்பதை உரைத்தல் கூடும். இதன்கண் நமக்கு உரிய பொறுப்பும் ஒன்று உண்டு. வல்வில் ஓரியின் வரலாறு நாளை படக்கதையாக வரையப்படலாம், திரைப்படமாகவும் எடுக்கப்படலாம். அவ்வாறு எடுப்பவர் சங்கச் செய்யுளை ஆசிரியர்பாற் கற்றவராகவே இருப்பர். அவர்க்கு நாம் கற்பிப்பது அம்பையா, செய்யுளையா என்பதே இக்கட்டுரையின் வினா.

இதற்கு அளவுகோலாகத் தமிழ் இலக்கண மரபில் உள்ள வழிநூற் கோட்பாட்டையும், எடுத்துக்காட்டாக 'வாட்ச்மென்' என்னும் ஆங்கிலப் படக்கதைப் புதினத்தையும் அதனின்று 2009-இல் எடுக்கப்பட்ட திரைப்படத்தையும் கொள்கின்றோம்.

படக்கதையும் தமிழரும்

படக்கதை தமிழர்க்குப் புதிதன்று. சிவகாசியினின்று 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி' ஆகும். பிரிட்டனில் 'வேலியண்ட்' என்னும் இதழில் 1962 முதல் வந்த கதையின் தமிழாக்கம் அது. மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து, இரும்புக் கை ஒன்றே கண்ணுக்குப் புலனாகும் அம்மாந்தனைத் தமிழ்ச் சிறுவர் தம்முள் ஒருவனாகவே கொண்டனர். அவன் தன் முதற்கதையில் ஆற்றல் பெற்றதும் தீநெறியிற் செல்கின்றான் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஆற்றல் வேறு, அறம் வேறு என்னும் ஐயம் இவ்வகைக் கதைகளுள் தொடக்கத்திலேயே இருந்தது. அவ்வையத்தை முழுதும் விரித்து உரைத்த நூலே 'வாட்ச்மென்'.

வழிநூல் இலக்கணம்

தொல்காப்பியர் மரபியலில் நூலை முதலும் வழியும் எனப் பகுத்து, வழிநூலை நான்காக வகுப்பர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்பன அவை. நன்னூலார் முதல், வழி, சார்பு என மூன்றாக்குவர். முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளையும் கூறி நிற்பது வழிநூல் என்பதும், ஒருபுடை ஒத்து ஏனையவற்றில் வேறுபடுவது சார்புநூல் என்பதும் அவர் கருத்து.

இவ்விலக்கணம் இலக்கண நூல்களையும் அறிவு நூல்களையும் நோக்கியதன்றோ, கதைக்கும் திரைப்படத்திற்கும் எங்ஙனம் பொருந்தும் என வினவலாம். சூத்திரத்தின் நேர்ப்பொருளால் அவ்வினா உண்மையே. ஆயினும், கம்பர் காப்பியத்தை வான்மீகத்தின் வழிநூல் என அறிஞர் வழங்குவர். காப்பியத்தின்கண் பயின்ற கோட்பாட்டைக் கதை தழுவிய பிற கலைகளுக்கும் நீட்டித்தல் வழு ஆகாது.

கம்பரிடத்தினின்றே இக்கோட்பாட்டின் நுட்பம் ஒன்றை உணரலாம். வான்மீகத்தில் இராவணன் சீதையைத் தன் கையாற் பற்றி எடுத்துச் செல்கின்றான். கம்பரோ, அவளைத் தீண்டாது பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்துச் சென்றான் எனப் பாடுவர். நிகழ்ச்சி வேறுபட்டது; ஆயினும் வழிநூற்றன்மை கெடவில்லை. கற்பின் பெருமையும் தீமையின் வீழ்ச்சியும் ஆகிய முடிபு மாறாமையே அதற்குக் காரணம். எனவே, ஒரு நிகழ்ச்சி மாறிற்றா இல்லையா என்பது வழிநூலை அளக்கும் கோல் அன்று. முடிபு மாறிற்றா என்பதே கோல். இதனை மனங்கொண்டு மேற்செல்வாம்.

'வாட்ச்மென்' என்னும் முதல்நூல்

ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' 1986, 1987 ஆண்டுகளில் பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்து, பின்னர் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டது. வண்ணம் தீட்டியவர் ஜான் ஹிக்கின்ஸ். ஆங்கிலப் புதினங்களுட் சிறந்தன நூறு எனத் 'டைம்' இதழ் 2005-இல் தொகுத்த பட்டியலில் இப்படக்கதையும் இடம்பெற்றது.

முகமூடி அணிந்து குற்றவாளிகளை ஒறுத்த வீரர் பலர், சட்டத்தால் தடுக்கப்பட்டு, முதுமையும் தளர்ச்சியும் எய்திய நிலையில் கதை தொடங்குகின்றது. அவர்களுள் உண்மையாகவே மாந்தர்க்கு மேற்பட்ட ஆற்றல் உடையவன் டாக்டர் மன்ஹாட்டன் ஒருவனே. அவனோ மாந்தர்பால் பற்று நீங்கி வருகின்றான். உலகப் போர் மூளும் என அஞ்சிய ஆசிமாண்டியாஸ் என்பான், வேற்றுலக உயிர் தாக்கியதாக ஒரு பெரும்பொய்யைப் படைத்து, நியூயார்க் நகரின்கண் இலட்சக்கணக்கானோரைக் கொன்று, அவ்வச்சத்தால் நாடுகளை ஒன்றுபடுத்துகின்றான். அமைதி பிறக்கின்றது. அதன் அடித்தளமோ பொய்யும் கொலையும். அதனை மறைத்தற்கு உடன்படாத ரோர்ஷாக் என்பவன் கொல்லப்படுகின்றான்.

காவலரைக் கண்காணிப்பார் யாவர் என்னும் உரோமப் புலவர் ஜுவனலின் வினாவே நூற்பெயர்க்கு மூலம். நூலின் தெருச்சுவர்களில் இவ்வினா கிறுக்கப்பட்டுள்ளது; முழுமையாக அன்றிச் சிதைந்தே யாண்டும் காணப்படுகின்றது. இவ்வினாவிற்கு நூல் தரும் விடை யாது? வீரர்களைக் காண்பதற்கு நூலாசிரியர் ஒரு தெருமுனையை அமைத்துள்ளார். ஆங்குச் செய்தித்தாள் விற்கும் முதியவர் ஒருவரும், அவர் கடையருகே அமர்ந்து விலை கொடாமலே படக்கதை படிக்கும் சிறுவன் ஒருவனும் உளர். உளநூல் மருத்துவர் ஒருவரும், வாடகையுந்து ஓட்டும் பெண் ஒருத்தியும், காவல்துறையினரும் அவ்வழியே வந்துபோகின்றனர். இவர்களுக்குக் கதைப்போக்கில் பெரும்பங்கு இல்லை. ஆயினும் மீண்டும் மீண்டும் இவர்களிடமே கதை மீள்கின்றது. பெரும்பொய் வெடிக்கும் நாளில் இவர்கள் யாவரும் அத்தெருமுனையிலேயே மாய்கின்றனர். பன்னிரண்டாம் பகுதியின் தொடக்கப் பக்கங்கள் ஒவ்வொன்றும் பக்கம் முழுதும் நிறைந்த ஒற்றைப் படமாக அப்பிணங்களையே காட்டுகின்றன.

படக்கதையின் வடிவும் இதற்குத் துணைசெய்கின்றது. கிப்பன்ஸ் பெரும்பாலான பக்கங்களை ஒன்பது ஒத்த கட்டங்களாகப் பகுத்துள்ளார். வீரன் அடிக்கும் அடிக்கும் முதியவர் தாள் விற்கும் செயலுக்கும் ஒரே அளவான கட்டமே கிடைக்கின்றது. பெரியவர்க்குப் பெரிய இடம், சிறியவர்க்குச் சிறிய இடம் என்னும் பாகுபாடு ஆங்கில்லை. மேலும், எக்கட்டத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பது படிப்பவர் உரிமை. வேண்டுங்கால் பின்னோக்கிச் சென்று, முன்னர் ஒரு மூலையில் நின்றவன் யாவன் என ஒப்புநோக்கலாம். தெருமுனை மாந்தர் பலரை நாம் முதற்படிப்பிற் கருதாது விட்டு, மறுபடிப்பிலேயே அடையாளம் காண்கின்றோம். இறந்தவரை நாம் முன்பே அறிந்திருந்தோம் என்னும் உணர்வே அந்நூலின் துயரம்.

திரைப்படமாகிய வழிநூல்

சாக் ஸ்னைடர் இயக்கிய திரைப்படம் 2009 மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது. ஓடும் நேரம் இரண்டே முக்கால் மணிக்குச் சிறிது குறைவு. ஆலன் மூர் தம் பெயரை அதில் இடுதற்கு இசையாமையால், படைத்தவர் வரிசையில் டேவ் கிப்பன்ஸ் பெயர் மட்டுமே காணப்படுகின்றது.

இப்படத்தைக் கண்ட அளவில் ஒன்று தெளிவாகும். முதல்நூலின்பால் இயக்குநர்க்குப் பெருமதிப்பு உண்டு. பல காட்சிகள் நூலின் கட்டங்களை அவ்வாறே பெயர்த்து வைத்தாற்போல அமைந்துள்ளன. தொல்காப்பியர் கூறும் தொகுத்தலுக்குச் சிறந்த சான்று ஒன்றும் இதன்கண் உளது. நூலிற் பல இடங்களிற் சிதறிக் கிடக்கும் பல்லாண்டு வரலாற்றைப் படத்தின் பெயர்வரிசை ஓடும் சில நிமிடங்களுள், அசைந்தும் அசையாதும் நிற்கும் ஒளிப்படங்கள் போன்ற காட்சிகளால் தொகுத்துக் காட்டியது பாராட்டத்தக்கது. செவ்வாய்க் கோளில் தனித்திருக்கும் மன்ஹாட்டன் முக்காலத்தையும் ஒருங்கே காணும் பகுதியும் செவ்விதின் அமைந்துள்ளது.

மாறிய நிகழ்ச்சியாகப் பலரும் எடுத்துக்கூறுவது முடிவுப் பகுதியை. நூலில் பேரழிவிற்குக் காரணமாகக் காட்டப்படுவது செயற்கையாகப் படைத்த ஒரு கடல்விலங்கு போன்ற கோர உயிர். படத்திலோ மன்ஹாட்டனின் ஆற்றலே நகரங்களை அழித்ததாகப் பொய் புனையப்படுகின்றது. இம்மாற்றத்தைக் குறித்து எழுந்த வாதங்கள் பல. வழிநூற் கோட்பாட்டின்படி நோக்கின் இது பெருங்குற்றம் ஆகாது. சீதையைத் தீண்டாது நிலத்தோடு பெயர்த்தமை போன்றதொரு வேறுபாடே இது. பொய்யின் மீது எழுந்த அமைதி என்னும் கட்டுக்கோப்பு அவ்வாறே நிற்கின்றது.

உண்மையான மாற்றம் வேறிடத்தில் உளது. அதனை மூன்று கூறுகளாகக் காண்பாம்.

முதலாவது, தெருமுனை மாந்தர் நீக்கம். திரையரங்கிற்கு வந்த வடிவில் செய்தித்தாள் விற்பவரும் சிறுவனும் கண்ணிமைக்கும் பொழுதே தோன்றி மறைகின்றனர். அழிவு வருங்கால் அவர்கள் யாவர் என்பதை நூலைப் படியாதவர் அறியார். பின்னர் வெளிவந்த நீண்ட வடிவில் அவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இது நீக்கம் நேர்ந்தமைக்கு நல்ல சான்று. கதை நடப்பதற்கு அவர்கள் வேண்டப்படாதவர். ஆதலின் நேரக்குறைவு நேர்ந்தபோது முதலில் விலக்கப்பட்டவரும் அவரே. இறந்தவர் இலட்சம் என்னும் எண் எஞ்சியது. இறந்தவர் இன்னார் என்னும் அறிமுகம் எஞ்சவில்லை.

இரண்டாவது, அடியின் அழகு. நூலில் நைட் அவுல் என்பவன் வயிறு சரிந்த நடுவயதினன். அவன் உடை நகைப்பிற்கு இடமானது. அதனை அணிந்தால் அன்றித் தனக்கு வீறு வாராமையை எண்ணி அவனே நாணுகின்றான். படத்தில் அவ்வுடை தசைத்திரட்சி வாய்ந்த கவசமாக மாறிற்று. சந்தில் நிகழும் சண்டையில் எலும்பு முறிதலும் குருதி தெறித்தலும் விரைவு குறைத்துக் காட்டப்படுகின்றன. நூல் ஒரு கட்டத்தில் உரைத்துக் கடந்ததைப் படம் நின்று சுவைக்கின்றது. வீரரை நாணத்தக்கவராகக் காட்டிய இடத்தில் வியக்கத்தக்கவராகக் காட்டினமையால் பார்ப்பவர் நிற்கும் இடமே மாறிவிட்டது.

மூன்றாவது, ஒரு சொல்லின் இடமாற்றம். நூலின் இறுதியில் ஆசிமாண்டியாஸ், தான் செய்தது சரிதானே, இறுதியில் யாவும் நன்றாயிற்றன்றோ எனத் தழுதழுத்து மன்ஹாட்டனை வினவுகின்றான். இறுதி என்பதே இல்லை என்னும் கருத்தைக் கூறி மன்ஹாட்டன் மறைகின்றான். அச்சொல்லைக் கேட்ட பின்னர் ஆசிமாண்டியாஸ் தனித்து நிற்கும் நிலை நூலின் உயிரிடங்களுள் ஒன்று. படத்தில் அக்கருத்து ஆசிமாண்டியாஸின் செவிக்கு எட்டவில்லை. பின்னொரு காட்சியில், மன்ஹாட்டன் இருந்தால் இவ்வாறு கூறுவான் என லாரி என்பவள் தன் துணைவனிடம் உரைப்பதாக அமைகின்றது. ஆசிமாண்டியாஸுக்குக் கிடைப்பது நைட் அவுலின் கை அடியே. ஐயத்தால் ஒறுக்கப்பட வேண்டியவன் அடியால் ஒறுக்கப்படுகின்றான். அடி விரைவில் ஆறும், ஐயம் ஆறாது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின், படம் நிகழ்ச்சிகளைப் பெரிதும் காத்தது. முடிபைக் காக்கவில்லை என்பது போதரும். நூலின் முடிபு பேராற்றலைத் தெருவில் நிற்பவன் கண்ணாற் காணுதல். படமோ பேராற்றலை அதன் கண்ணாலேயே காண்கின்றது. ஆகவே கட்டங்களை எண்ணிப் பார்ப்பார்க்கு வழிநூலாகத் தோன்றும் இது, நன்னூலார் கருத்தின்படி நோக்குவார்க்குச் சார்புநூலே ஆகும்.

ஒரு தடை

திரைக்கலைக்கு இயல்பாகவே இவ்வெல்லை உண்டு. அதனைக் குற்றமாக உரைத்தல் நேர்மையன்று எனத் தடை எழுப்பலாம். திரையில் நேரம் இயக்குநர் கையது. காண்பார் பின்னோக்கிச் சென்று ஒப்புநோக்க இயலாது. அசைவும் ஒலியும் அடியைப் பெரிதாக்கியே தீரும் என்பது அத்தடையின் கருத்து.

இதன் முற்பகுதி உடன்படத்தக்கதே. ஆயினும், நேரத்தை ஆளும் உரிமை இயக்குநர் கையது எனின், யாரிடத்தில் நேரத்தைச் செலவிடுவது என்பதும் அவர் உரிமையன்றோ? சந்துச் சண்டையில் விரைவைக் குறைத்தவர் தெருமுனையிலும் குறைத்திருக்கலாம். எனவே இது கலையின் எல்லை அன்று, தெரிவின் விளைவு. திரையிலும் பார்ப்பவர் இடத்தை மாற்றி அமைக்கலாம் என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்று உண்டு.

மடோன் அஸ்வின் இயக்கி 2023 ஜூலைத் திங்களில் வெளிவந்த 'மாவீரன்' படக்கதையைத் தழுவிய படம் அன்று. படக்கதை வரைபவனைத் தலைவனாகக் கொண்ட படம். சத்யா என்னும் அவன் நாளிதழொன்றில் மாவீரன் ஒருவனின் கதையை வரைகின்றான். வாழ்விலோ எதிர்த்து ஒரு சொல்லும் கூற அஞ்சுபவன். சென்னைக் குடிசைப் பகுதியினின்று பெயர்க்கப்பட்டு, சுவர் உதிரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேற்றப்பட்டவர்களுள் ஒருவன். தலையில் அடிபட்ட பின்னர், தான் வரைந்த வீரனின் குரல் அவன் செவியில் ஒலிக்கத் தொடங்குகின்றது. அக்குரல் நிகழப்போவதை உரைக்கின்றது. அவன் விரும்பாமலே செயலில் தள்ளப்படுகின்றான். இங்கு ஆற்றல் என்பது குரல் ஒன்றே. அச்சம் அவனை விட்டு நீங்குவதில்லை. கதையின் இறுதி நோக்கமும் பகைவனை வீழ்த்துதலில் அடங்கிவிடாமல், இடியவிருக்கும் குடியிருப்பினின்று மக்களை வெளியேற்றுதலாக அமைகின்றது. நகைச்சுவையும் சண்டையும் வணிகப் படத்திற்குரிய அளவில் இதன்கண் உள. ஆயினும் உதிரும் சுவரையும் ஒழுகும் குழாயையும் படம் பொறுமையோடு காட்டுகின்றது. காண்பார் இடம் குடியிருப்போர் இடமே. 'வாட்ச்மென்' படம் இழந்த தெருமுனையை வேறொரு கதையின்கண் இப்படம் கண்டெடுத்தது எனலாம்.

ஓரியின் அம்பும் வன்பரணர் செய்யுளும்

இனி ஓரியிடம் வருவாம். அவன் அம்பின் ஆற்றலைக் கூறுவது புறநானூற்று 152-ஆம் செய்யுள், பாடியவர் வன்பரணர். யானையை வீழ்த்திய அம்பு, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றின்கண் இருந்த உடும்பிற் சென்று தைக்கின்றது. இளைஞர் காட்டும் காரணம் இதுவே. ஆனால் இச்செய்தி செய்யுளின் தொடக்கத்துச் சில அடிகளிலேயே முடிந்துவிடுகின்றது. எஞ்சிய பெரும்பகுதி எதனைக் கூறுகின்றது என்பதே நோக்கத்தக்கது.

செய்யுளைப் பேசுபவன் ஓரியும் அல்லன். அவனை எங்கும் உடனிருந்து காணும் ஒருவனும் அல்லன். பரிசில் வேண்டிச் சுற்றத்தோடு காட்டுவழியே செல்லும் கலைஞன். அவன் காண்பது பெயர் அறியா வேட்டுவன் ஒருவனை. ஊன் விற்றற்குக் கொல்பவனாகத் தோன்றவில்லை. மார்பில் ஆரமும் சாந்தும் விளங்குகின்றன. இவன் ஓரிதானோ, வேறொருவனோ என ஐயுறுகின்றான். இந்நாளைய படக்கதையில் முகமூடிக்குப் பின்னுள்ளவன் யாவன் என எழும் வினாவை இவ்விடம் ஒத்துள்ளது. வேறுபாடோ பெரிது. முகமூடி வீரன் தன் ஆற்றலைக் காத்தற்பொருட்டுத் தன்னை மறைக்கின்றான். ஓரி மறைக்க முயலவில்லை, அறிவிக்கவும் முயலவில்லை.

கலைஞன் தன் விறலியரை அழைத்து, முழவுக்கு மண் பூசுக, யாழை இசைக்க என்று கருவிகளை ஆயத்தம் செய்வித்து, முறைப்படி துறைகள் யாவும் பாடி, இறுதியில் கோ என விளித்து அவன் பெயரைக் கூறுகின்றான். அப்பொழுது நிகழ்வதே இச்செய்யுளின் உயிர். அப்பேர்வேட்டுவன் நாணுகின்றான். நாடெங்கும் திரிகின்றோம், நின்னை ஒப்பார் வேட்டுவர் இல்லை எனப் பாணர் புகழத் தொடங்க, அவர் விரும்பியதை முழுதும் சொல்ல விடாது, தான் கொன்ற மானின் ஊனையும், உருக்கிய நெய் போன்ற தேறலையும் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிக்குவியலையும் அச்சுரத்திடையே வழங்குகின்றான்.

அம்பின் வழியை இப்போது மீண்டும் காண்க. ஐந்து உயிரைத் துளைத்த அம்பு உடும்பில் தைத்து நின்றது எனத் தொடக்கத்தில் எண்ணினோம். வேட்டையின் பயன் பாணர் உண்ணும் ஊனில் வந்து நிற்பதைச் செய்யுளின் இறுதி காட்டுகின்றது. வேட்டை வியப்பாகத் தொடங்கி விருந்தாக முடிகின்றது. இச்செய்யுளின் திணை பாடாண். துறை பரிசில் விடை. போரும் வெற்றியும் பற்றிய திணைகளில் இதனைத் தொகுத்தோர் வைக்கவில்லை. முடிபு கொடையின்கண் உளது என்பதை அவர் நன்கு உணர்ந்தனர்.

அதே புலவர் பாடிய 153-ஆம் செய்யுள் இம்முடிபை மேலும் உறுதிசெய்கின்றது. ஓரியைக் காணச் சென்ற சுற்றத்தார் பொன்னும் வெள்ளியும் பெற்று, பசி நீங்கி நிறைந்தமையால் ஆடலும் இயலாராய்ப் பாடலையும் மறந்தனர் என அச்செய்யுள் கூறும். வீரனைப் புகழ வந்தவர் புகழை மறந்தமையே புகழாகின்றது. இதனினும் நுண்ணியது 204-ஆம் செய்யுள். கழைதின் யானையார் ஓரியிடம் பரிசில் பெறாத நிலையிற் பாடியது அது. பரிசில் கிடையாதவிடத்துச் சென்றோர் புள்ளையும் பொழுதையும் பழிப்பரேயன்றி நின்னைப் பழியார், ஆதலின் யானும் வெறுப்புக் கொள்ளேன் என்னும் கருத்தினை அமைத்து, ஓரியின் முன்னேயே அவன் குறையை மென்மையாகச் சுட்டுவர். காவலரைக் கண்காணிப்பார் யாவர் என்னும் உரோமப் புலவர் வினாவிற்குச் சங்கப் பாடாண் மரபு தரும் விடை இதுவே. பசியோடு வந்து நிற்கும் புலவரே வள்ளலைக் கண்காணித்தனர். அவர் சொல்லே வள்ளற்கு அளவுகோலாயிற்று.

ஓரி வெல்லப்படாதவனும் அல்லன். திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான் என்பதைக் கல்லாடனாரின் அகநானூற்று 209-ஆம் செய்யுளால் அறிகின்றோம். ஓரியைக் கொன்றபின் காரி அவன் தெருவில் நுழைந்தபோது ஊரில் எழுந்த பேரொலியைக் கபிலர் நற்றிணை 320-இல் உவமையாக்குவர். ஈண்டும் நாம் காண்பது வாட்போரை அன்று. தெருவில் நின்ற மக்களின் ஆரவாரத்தையே. வீரனின் இறப்பையும் தெருவின் செவியாலேயே சான்றோர் கேட்பித்தனர்.

முடிபு மாறியதற்கு ஒரு மலைச்சான்று

பின்னோர் கையில் முடிபு மாறுதல் மேனாட்டுத் திரைக்கு மட்டும் உரியதன்று. கொல்லிமலைக்குரிய மற்றொரு பேராற்றல் கொல்லிப்பாவை. குறுந்தொகை 89, 100-ஆம் செய்யுட்களிலும், நற்றிணை 192, 201-ஆம் செய்யுட்களிலும் பாவை பேசப்படுகின்றது. தெய்வத்தாலோ பூதத்தாலோ ஆக்கப்பட்டது என்பதும், காற்றாலும் மழையாலும் கெடாது நிற்பது என்பதும் அவற்றாற் பெறப்படும். ஆயினும் இச்செய்யுட்களில் பாவை தலைவியின் அழகிற்கு உவமையாகவே நிற்கின்றது. நகைத்துக் கொல்லும் பாவை என்பது பிற்காலக் கதைமரபில் ஓங்கிய கருத்து. அழகின் முடிபு கொலையின் முடிபாக மாறியது. இன்று மலைமக்களும் சமவெளி மக்களும் கொல்லிப்பாவை எனக் கொண்டு வழிபடும் எட்டுக்கை அம்மனிடம் அச்சமும் அன்பும் ஒருங்கே விளங்குகின்றன. இம்மாற்றம் தவறு என்பது நம் கருத்தன்று. வழிபாட்டிற்கு அதன் நெறி உண்டு. ஆயின், பிற்காலக் கொலைநகையைக் கொண்டு சங்கச் செய்யுளுக்குப் பொருள் உரைப்பின் செய்யுள் கெடும். அதுபோலவே, பேராற்றல் வீரனின் அம்பைக் கொண்டு வன்பரணர் செய்யுளுக்குப் பொருள் உரைப்பினும் செய்யுள் கெடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஒரு வீரர் கதை வேறொரு வடிவம் பெறுங்கால் நிகழ்ச்சி மாறுதல் பெரிதன்று. வீரனை யார் கண்ணாற் காண்கின்றோம் என்பது மாறுதலே பெரிது. 'வாட்ச்மென்' திரைப்படம் கட்டங்களைக் காத்துத் தெருமுனையை இழந்தது. 'மாவீரன்' தெருமுனையைத் தானே படைத்துக்கொண்டது. புறநானூறு அம்பைச் சில அடிகளில் உரைத்து, பாணனின் கண்ணையும் ஓரியின் நாணத்தையும் நமக்கு வைத்துச் சென்றது.

ஆகவே எருமப்பட்டி இளைஞர் ஓரியைத் தம் சூப்பர் ஹீரோ என்னுங்கால், நாம் மறுக்கவும் வேண்டா. மகிழ்ந்து அமையவும் வேண்டா. அவ்வாயிலாகவே அவரைச் செய்யுளுள் அழைத்துச் செல்லலாம். அம்பு முடிந்த அடியில் பாடத்தை நிறுத்தாது, அவன் ஏன் நாணினான் என்னும் வினாவை வகுப்பில் எழுப்புதல் ஆசிரியர் கடன். ஓரியைப் படக்கதையாக வரைய விழைவார் உளராயின், அவர்க்கு நாம் கூறத்தக்கதும் அதுவே. யானை வீழும் காட்சியை ஒரு கட்டத்தில் வரைக. பாணரும் விறலியரும் பசியோடு நடந்துவரும் வழிக்குப் பல கட்டங்கள் தருக. தன் பெயரைக் கேட்டு அவன் முகம் கவிழும் கட்டத்திற்கு ஒரு பக்கம் முழுதும் ஒதுக்குக. யானையின் இடத்தில் வேறொரு விலங்கை வரையினும் அந்நூல் வன்பரணர்க்கு வழிநூலாகும். அப்பக்கம் இல்லையேல், ஐந்து விலங்குகளையும் பிழையின்றி வரையினும் அது சார்புநூலே ஆகும்.